பள்ளிக்கூடம் வீடாகும்போது



யூபிலி மலர் என்றாலே கோவில் எழுந்த வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, திருவிழாச் சிறப்பு ஆகியவை முதலிடம் பெறுவது வழக்கம். அது முறையே. ஆயினும் கிறிஸ்தவ ஊர் ஒவ்வொன்றிலும் கோவிலுக்குத் துணையாக இன்னொரு கட்டடம் நின்றதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அதுவே பள்ளிக்கூடம். நம் முன்னோர் கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தது அதன் கூரைக்கடியில்தான்.

காலம் மாறும்போது பழைய பள்ளிக்கூடம் பயன்பாட்டிலிருந்து விலகுகிறது. புதிய மாடிக் கட்டடம் வேறிடத்தில் எழுகிறது. பழையது இடிந்து போகலாம், கிடங்காகலாம், அல்லது ஒரு குடும்பம் குடியேறி அது வீடாகலாம். "பிள்ளைகள் படித்த இடத்தில் இன்று அடுப்பு எரிகிறதே!" என்று பெரியவர்கள் மனம் வருந்துவதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதா? பள்ளிக்கூடம் வீடாவது அதற்கு இழுக்கா? முகையூர் மக்களாகிய நாம் யூபிலி வேளையில் இதை வரலாற்றின் துணைகொண்டு சிந்திப்பது நலம்.

பள்ளி என்னும் சொல்

முதலில் நம் தாய்மொழியையே கேட்போம். "பள்ளி" என்னும் சொல்லுக்கு உறையுளும் துயிலிடமுமே பழைய பொருள்கள். அரசன் துயிலும் இடம் பள்ளியறை. துறவியர் தங்கிய இடமும் பள்ளியே. சமண முனிவர்கள் தம் பள்ளிகளில் தங்கி ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தமையால், கற்பிக்கும் இடத்துக்கே பள்ளி, பள்ளிக்கூடம் என்ற பெயர்கள் நிலைத்தன என்பர்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் உள்ள மலைக்குகையில் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று 1981இல் கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்கு இருப்பிடம் ஈந்ததை அது கூறுகிறது. அந்த இருப்பிடத்தைக் குறிக்க அங்கே வெட்டப்பட்டுள்ள சொல் பள்ளி என்பதோடு உறவுடையது. ஆகவே நம் பகுதியில் "பள்ளி" முதலில் ஒருவர் குடியிருக்கும் இடமாயிருந்தது. பிறகே படிக்கும் இடமாயிற்று. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று.

திண்ணையே வகுப்பறை

நம் பாட்டன்மார் காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் தனிக் கட்டடம் என்று பொருளில்லை. ஒரு வீட்டின் திண்ணை, ஒரு மண்டபம், ஒரு மரநிழல் ஆகியவையே பள்ளி. வாத்தியார் நடுவில் அமர்வார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அரிச்சுவடி எழுதுவார்கள். தேறியபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியாருக்குச் சம்பளம் நெல்லாகவும் தவசமாகவும் காய்கறியாகவும் வந்து சேரும்.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி வீதம் இருந்தது. அரசாங்கக் கட்டடம் எதுவுமின்றி வீட்டுத் திண்ணைகளே இத்தனை பள்ளிகளைத் தாங்கின என்பது வியப்புக்குரியது.

ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் வெறும் 4,540 பேர். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லாத ஊர்களே மிகுதி. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் பகுதி. யார் தன் திண்ணையில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதை வீட்டுக்காரரே முடிவுசெய்வார். திண்ணைப் பள்ளியின் எளிமை போற்றத்தக்கது. அதன் வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை என்பதும் உண்மை. தனிப் பள்ளிக் கட்டடம் தேவைப்பட்டதன் முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது.

சென்னை மணல் கடல் கடந்த வரலாறு

இவ்விடத்தில் நம்மில் பலர் அறியாத ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1787இல் சென்னைக்கு வந்தவர் ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கென நடந்த பள்ளிக்கு அவர் பொறுப்பேற்றார். ஆசிரியர்கள் போதவில்லை. ஒருநாள் வழியிலே தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதையே தம் பள்ளியில் நடைமுறைப்படுத்தி, மூத்த சிறுவர்களைக்கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்தார். நம் சட்டாம்பிள்ளை முறைதான் அது! 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக அது "சென்னை முறை" என்றே உலகில் பெயர்பெற்றது. 1811இல் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பட்ட தேசியக் கல்விச் சங்கம் இம்முறையைக் கைக்கொண்டு ஊர் ஊராகப் பள்ளிகளை எழுப்பியது.

அந்தக் கிராமப் பள்ளிகள் பிற்காலத்தில் என்னவாயின? 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப்பின் பெரிய பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குச் செல்லலாயினர். சிற்றூர்களில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. சிறு பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றுட் பல குடியிருப்பு வீடுகளாயின. "பழைய பள்ளி வீடு" என்ற பெயர்ப்பலகை இன்றும் அந்நாட்டுக் கிராமங்களில் காணக்கூடியது. க்ளாஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள ஸ்லாட் என்னும் சிற்றூர் இதற்கோர் எடுத்துக்காட்டு. 1914இல் பிறந்த லாரி லீ என்ற எழுத்தாளர் சிறுவயதில் அவ்வூர்ப் பள்ளியில் பயின்றார். 1959இல் வெளிவந்த தம் இளமை நினைவு நூலில் அப்பள்ளியை விரிவாக எழுதி உலகறியச் செய்தார். அந்தப் பள்ளிக்கூடம் பின்னாளில் தனியார் வீடாயிற்று.

தமிழ்நாட்டுத் திண்ணையில் பிறந்த முறை கடல் கடந்து, கல்லாற் கட்டிய பள்ளிகளை எழுப்பியது. அவை ஓய்வுபெற்றபோது மீண்டும் வீடுகளாயின. சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது.

நம் மறைநாட்டில்

இனி நம் பக்கம் வருவோம். 1776 முதல் புதுவை மிஷன் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்தது. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேதகு பொன்னாந்து ஆண்டகை புதுவையில் கூட்டிய சங்கத்தில் கல்விப்பணிக்குச் சிறப்பிடம் தரப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சங்கைக்குரிய துய்புயி சுவாமியார் பெண்கல்விக்கென மரியன்னையின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். மன்றோ காலத்துக் கணக்கில் பெண்பிள்ளைகள் 4,540 பேரே இருந்தனர் என்பதை நினைவிற்கொண்டு பார்த்தால் இதன் அருமை விளங்கும். புதுவை மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தித் தமிழ் நூல்கள் பலவற்றை வெளியிட்டவரும் இச்சுவாமியாரே.

கிராமங்களில் நிலைமை வேறு. அங்கே பள்ளி பெரும்பாலும் மூன்று வேலை செய்தது. ஞாயிறன்று செபக்கூடம், மற்ற நாளில் பள்ளி, இரவில் உபதேசியாரின் வீடு. உபதேசியாரே வாத்தியார், வாத்தியாரே உபதேசியார். ஒரு மூலையில் அவருடைய பெட்டியும் பாயும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பின்புறச் சாய்ப்பில் அவர் வீட்டு அடுப்பு. ஆகவே அத்தகைய பழைய பள்ளிக்கூடம் பிறகு வீடானது என்று சொல்வதைவிட, அதில் என்றும் இருந்த வீடு மட்டும் எஞ்சிநின்றது என்று சொல்வதே பொருந்தும்.

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கைக்குப்பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை கிடைக்கலாயிற்று. ஆய்வாளர் வந்து பார்ப்பார். வருகைப் பதிவேடு வேண்டும், சேர்க்கைப் பதிவேடு வேண்டும், தக்க இடம் வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. பனங்கைகளின்மேல் கீற்று வேய்ந்த கொட்டகைகள் மெல்ல ஓட்டுக்கூரைக்கு மாறின. மங்களூரில் 1865இல் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதும் பாசல் மிஷன் என்ற ஒரு வேதபோதக சபையே. அந்தச் சிவப்பு ஓடு தென்னாட்டுப் பள்ளிகளுக்கும் கோவில்களுக்கும் ஒரு பொது அடையாளமாயிற்று.

நிலமும் எழுத்தும்

இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர், அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர்களிற் பலருக்குக் குடியிருந்த மனையிலும் உரிமை இல்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றிவிடலாம் என்பது அதிற் கண்ட உண்மை. இதன் விளைவாக 1892இல் நிலம் வழங்குவது பற்றியும், 1893இல் அம்மக்களின் கல்வி பற்றியும் அரசாணைகள் பிறந்தன. மிஷன்கள் இடம் வாங்கிப் பள்ளி கட்டிய ஊர்களில் அந்த இடமே அம்மக்கள் அச்சமின்றிக் கால்வைக்கும் முதல் நிலமாக அமைந்ததுண்டு.

இதை உள்ளத்தில் வாங்கிக்கொண்டால் பள்ளிக்கூடம் என்பது வெறும் செங்கல்லும் ஓடுமன்று என்பது புலனாகும். எழுத்து மறுக்கப்பட்டவனுக்கு அது எழுத்தைத் தந்தது. நிலம் மறுக்கப்பட்டவனுக்கு நிற்க ஓர் இடம் தந்தது. கத்தோலிக்கராகிய நம்மிடையேயும் சாதி வேற்றுமை கோவில்வரை நுழைந்த நாட்கள் இருந்தன. அதை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. அந்நாட்களிலும் ஒரே கரும்பலகையை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கவைத்த பள்ளி எங்கே இருந்ததோ, அங்கே சமத்துவம் பிறந்தது.

பழைய கட்டடம் ஏன் ஓய்வுபெறுகிறது?

பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் கிராமந்தோறும் பள்ளிகள் பெருகின. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே பணமும் பொருளும் கொடுத்துப் பள்ளிகளுக்கு உதவினர். பிள்ளைகள் பெருகப்பெருகப் பழைய ஒற்றைக்கூடம் போதாமற்போயிற்று.

பின்னர் 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நேர்ந்த துயரம் நாம் அனைவரும் அறிந்ததே. பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதற்குப்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரையை அகற்ற அரசு ஆணையிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், ஊனமுற்ற பிள்ளைகளும் தடையின்றி வந்துபோகும் வழி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது.

ஒரு குடும்பத்துக்குப் போதுமான கதவும் கூரையும் இருநூறு பிள்ளைகளுக்குப் போதா. ஆகவே பழைய பள்ளிக்கூடம் ஓய்வுபெறுவதைக் கைவிடல் என்று கொள்ளலாகாது. பிள்ளைகளின் உயிர்மீதுள்ள அக்கறையே அதற்குக் காரணம். பாழடைந்து பாம்பும் கரையானும் குடியேறுவதைவிட அதில் ஒரு குடும்பம் விளக்கேற்றி வாழ்வது ஆயிரம் மடங்கு மேல். மனிதர் வாழும் வீட்டில் ஒழுகும் ஓட்டை உடனுக்குடன் மாற்றுவார்கள். பூட்டிக்கிடக்கும் கட்டடத்துக்கு அந்தப் பேறு கிடைப்பதில்லை.

குடியேறுவோர் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். சுண்ணாம்புக் காரையிட்ட பழைய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஒவ்வாது. ஈரத்தை அது உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் சுவர் பொரிந்து உதிரும். சுண்ணாம்பே அதற்கேற்ற மருந்து. நீண்ட கூடத்தைத் தடுக்கும் சுவர்களைக் கூரைவரை எழுப்பாமல் விட்டால் காற்றோட்டம் கெடாது. சுவரிலேயே கரியும் ஊமத்தை இலைச்சாறும் பூசி ஆக்கிய பழைய கரும்பலகை இருந்தால், அதை மட்டுமாவது வெள்ளையடிக்காமல் விடுக. வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த பொருள் வேறென்ன கிடைக்கும்?

எந்த வாசல் வழியாக வீடாயிற்று?

கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு செயல்கள் உண்டு. ஒன்று, ஊரும் பங்கும் கூடிப் பேசி, மேலிடத்து அனுமதி பெற்று, எழுத்து மூலமாக ஓர் ஏழைக் குடும்பத்துக்கோ ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ பழைய பள்ளியை வீடாக அளிப்பது. மற்றொன்று, பூட்டிய கட்டடத்தில் முதலில் வைக்கோல் போட்டு, பிறகு மாடு கட்டி, கடைசியில் வேலியும் அடைத்து வலியவர் தமதாக்கிக்கொள்வது. இரண்டாவது நடக்கும் ஊரில் அந்தப் பள்ளியின் வரலாறு முழுவதும் ஒரே நாளில் பொய்யாகிவிடும்.

இங்கிலாந்திலும் இச்சிக்கல் எழுந்தது. 1841ஆம் ஆண்டின் பள்ளிமனைச் சட்டத்தின்கீழ் நிலக்காரர்கள் ஓர் ஏக்கர் வரை பள்ளிக்கென நன்கொடையாக அளித்தனர். பள்ளி நின்றுபோனால் நிலம் கொடுத்தவரின் உடைமையோடு திரும்பச் சேரவேண்டும் என்பது விதி. நூறாண்டு கடந்து பள்ளிகள் மூடப்பட்டபோது யாருக்கு உரிமை என்ற வழக்குகள் எழுந்தன. 1987இல் புதுச் சட்டமொன்றே இயற்றவேண்டி வந்தது. ஒரு பழைய பத்திரத்தின் இரண்டு வரி எத்தனை தலைமுறைக்குப் பேசுகிறது பாருங்கள்!

திருச்சபையின் சட்டமும் இதில் தெளிவாயுள்ளது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்நோக்கத்துக்கே பயன்படுத்தவேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1267ஆம் எண்ணில் விதிக்கிறது. பள்ளிக்கெனக் கொடுத்த இடம் வீடாக விற்கப்படின், அந்தப் பணம் பிள்ளைகளின் படிப்புக்கே போய்ச் சேருவதுதான் கொடுத்தவரின் மனத்துக்கு இசைந்தது.

அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காக புக்கர் வாஷிங்டன் என்ற கல்வியாளரும் ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வணிகரும் தொடங்கிய திட்டத்தால் 1912க்கும் 1932க்கும் இடையே ஏறத்தாழ 5000 கிராமப் பள்ளிகள் எழுந்தன. அப்பெரும் செல்வர் கொடுத்ததைவிட அந்த ஏழை மக்கள் தாமே சேர்த்துக் கொடுத்தது அதிகம். உழைப்பாகவும் மரமாகவும் நிலமாகவும் அவர்கள் கொடுத்தனர். கறுப்பு வெள்ளை என்று பள்ளிகளைப் பிரிப்பது செல்லாதென 1954இல் தீர்ப்பாகியபின் அப்பள்ளிகள் மெல்ல மூடப்பட்டன. சில வீடுகளாயின, சில ஊர்ப்பொது மன்றங்களாயின, பல அழிந்தன. 2002இல் அவை அழிவின் விளிம்பிலுள்ள வரலாற்றிடங்களாக அறிவிக்கப்பட்டன. அப்போது பழைய மாணவர்களே முன்வந்து பலவற்றை மீட்டனர். தம் பெற்றோரின் கூலிப்பணம் அச்சுவர்களில் இருக்கிறதென்பதை அவர்கள் மறக்கவில்லை.

யூபிலியும் வீடும்

யூபிலி ஆண்டு என்ற எண்ணமே நிலத்தோடும் வீட்டோடும் பிறந்தது. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் நிலம் முதல் உரியவனிடம் திரும்பவேண்டும் என்கிறது. மதிலில்லாத கிராமத்து வீடுகளுக்கும் அந்த விதியே பொருந்தும் என்று தனியே குறிப்பிடுகிறது. கிராமத்தானின் வீடு அவன் கையைவிட்டு என்றென்றைக்கும் போய்விடக்கூடாது என்பதே அதன் கருத்து.

ஆகவே இந்த யூபிலியில் நாம் மூன்று காரியங்களை மேற்கொள்வோம். முதலாவது, பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் வருகைப் பதிவேடுகளையும் தேடி எடுப்போம். எந்த வீட்டுப் பரணிலாவது கிடந்தால் பங்கு அலுவலகத்தில் சேர்ப்போம். ஞானஸ்நானப் புத்தகத்தைப் பேணுவதுபோல் அவற்றையும் பேணுவோம். ஒரு குடும்பத்தில் முதன்முதல் எழுத்தறிந்தவர் யாரென்பதற்கு அவையே சாட்சி. இரண்டாவது, பள்ளியாய் இருந்து இப்போது வேறு பயனில் உள்ள கட்டடங்களுக்கும் மனைகளுக்கும் உரிய பத்திரங்களைச் சரிபார்த்து, கொடுத்தவரின் நோக்கம் எதுவோ அதை எழுதிவைப்போம். மூன்றாவது, அத்தகைய கட்டடத்தின் வாசலில் ஒரு சிறு கல்லாவது பதிப்போம். "இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது" என்ற ஒரு வரி போதும்.

அங்கே குடியிருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் விளக்கேற்றியதும் தெருப்பிள்ளைகள் நாலு பேரை அழைத்து உட்காரவையுங்கள். உங்கள் திண்ணையில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று பாராமல் அழையுங்கள். அன்று அந்த வீடு மறுபடியும் பள்ளியாகும். பழைய திண்ணைப் பள்ளியால் ஆகாத ஒன்று அப்போது நம் ஊரில் ஆகும்.